கணவர் பெயர் துலுக்காணம்

“அது உங்க பேரு இல்லீங்க. அந்தம்மா பேரு.”

அதிகாரி அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக் காட்டினார். துலுக்காணம் மேசைமேல் குனிந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் குனிந்தான்.

“இந்தோ கீதே சார். துலுக்காணம். அச்சுல போட்டுக்கீது.”

“அது கணவர் பெயர். ஓட்டு செங்கம்மாளுக்கு. செங்கம்மாள், வயது முப்பத்தேழு, கணவர் பெயர் துலுக்காணம். உங்களுக்குத் தனியா ஒரு வரி இருக்கணும். இல்ல.”

“மேல பாருங்க சார். ஊட்டு நம்பர் முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணுதான் இது. இதுல ஒரே ஓட்டுதான் இருக்கு.”

செங்கம்மாள் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக, மேசைக்கு நான்கு முழம் தள்ளி நின்றிருந்தாள். கட்சிக்காரர்கள் எழுதித் தந்த சீட்டு அவள் கையில் வேர்வையில் நனைந்திருந்தது. அவன் கையில் சீட்டு இல்லை. காலையில் பந்தலில் பெயர் தேடியவர்கள், கூட்டம் அதிகம், உள்ளே போனால் பெரிய லிஸ்ட்டில் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் நம்பித்தான் வந்தான். வெள்ளைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, மணல்மேல் அரை மைல் நடந்து பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தான். பதினேழு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறவன். இந்த ஓட்டுக்காகவே லீவு எழுதிக் கொடுத்துக் கப்பலேறியவன். வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

“யார் எடுத்தது சார்?” என்றான்.

“யாரும் வேணும்னு எடுக்க மாட்டாங்க. வீடு வீடா வந்து விசாரிப்பாங்க. ஆள் ஊர்ல குடியிருக்கலன்னா எடுத்துடுவாங்க. அது சட்டம். நீங்க எங்க இருக்கீங்க?”

“சிங்கப்பூர்ல.”

“எத்தனை வருஷமா?”

 துலுக்காணம் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். அதிகாரி அதைத் திறக்காமலே அவன் பக்கம் தள்ளினார். அவர் குரலில் எரிச்சல் இல்லை. “நீங்க இந்தியப் பிரஜைதான். அதுல சந்தேகம் இல்ல. ஆனா லிஸ்ட்ல இல்லாதவருக்கு நான் சீட்டு தர முடியாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வரிசை நிக்குது.”

அவன் தள்ளி நின்றான். சுவரோரம் பெஞ்சில் இருந்த கட்சி ஏஜண்டு பாக்கியராஜ் எழுந்து வந்து அவன் காதுக்குள் பேசினான். அவன் ரகசியம் என்று நினைத்துப் பேசியது வரிசைக்கே கேட்டது.

“மாமா, கோபாலு செத்து ரெண்டு வருசம் ஆவுது. அவன் பேரு கீது. அத்த சொல்லிட்டுப் போயேன். நான் அப்ஜெக்சன் பண்ண மாட்டேன், அந்தக் கட்சிக்காரனும் நம்ம ஆளு தான்.”

“நான் கோபாலு இல்ல.”

“இல்லதான். ஆனா கோபாலும் இல்லியே. அவன் வந்தா கேக்கப் போறான்?”

யாரோ சிரித்தார்கள். துலுக்காணம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் நின்றான். வெளியே போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

 அந்த இல்லாத வரியில் என்ன இருந்தது என்று அந்த அறையில் செங்கம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் திரும்பி வருவதா, வராமலே இருந்துவிடுவதா என்பது அதில் இருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவன் போனான். வெள்ளைக்காரனுடைய போர்க்கப்பல்களை நிறுத்திப் பழுது பார்க்கும் தளத்தில் வேலை. முதலில் கப்பலின் அடிவயிற்றில் படுத்துத் துரு சுரண்டினான். பிறகு பாய்லர் பக்கம் போட்டார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. முதல் லீவில் கருவான சின்னது பிறந்து பதினோரு மாசத்தில் போய்விட்டது. அவன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவள் ரத்னாவுக்கு அவன் தகப்பன் என்பது இரண்டாவது லீவில்தான் பழகியது. அவளுக்கும் போன தையில் ஆரம்பாக்கத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. தாலி கட்டும்போது சித்தப்பன் தேசப்பன்தான் பக்கத்தில் நின்றான்.

அந்த இரண்டாவது லீவில், அறுபத்திரண்டில், தேர்தல் வந்தது. அவன் போய் ஓட்டுப் போட்டான். விரல் மையை மூன்று நாள் சோப்பு படாமல் வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் கடிதங்களில் அந்த வீட்டு நம்பர் வராத கடிதம் குறைவு. கூட வேலை பார்க்கிற எண்ணூர்க்காரன் யேசுதாஸ் அந்த நாட்டுப் பிரஜையாகி விட்டானாம். அங்கே ஓட்டுப் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்டுக் காகிதம் வருமாம். யேசுதாஸ் இவனைப் பார்த்தால் கிண்டல் செய்வானாம்: “உனுக்கு இங்கயும் ஓட்டு இல்ல, அங்கயும் இல்ல. நீ இன்னாடா, மீனா கருவாடா?” இவன் சொல்வானாம்: “எனுக்கு எங்க ஊர்ல கீதுடா. ஊட்டு நம்பர் முப்பத்தொண்ணு.”

இப்போது வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு கிளம்புகிறான். ஐப்பசியோடு முடிகிறது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொள்கிறவனுக்குப் புதுக் கம்பெனியில் வேலை நிச்சயம். வாங்கினால் இந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சொந்த வீட்டுக்கு வரவும் விசா எழுதிப்போட வேண்டும். துலுக்காணம் அதற்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கவில்லை. வந்த அன்று சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே அவளிடம் சொன்னான்:

“ஓட்டு போட்டுட்டுப் போறேன். கணக்கு முடிச்சுகினு ஆவணிக்குள்ள வந்துடறேன் மே. எண்ணூர்ல கரண்டு எடுக்கறாங்களே, அங்க பாய்லர் தெரிஞ்ச ஆளு கேக்கறாங்களாம். யேசுதாஸ் மச்சான் சொன்னான்.”

“நெசமாவா?”

“நெசம்தான்.”

அந்த எட்டு நாளும் அவள் வீட்டுக்குள் நடந்ததே வேறு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அங்காளம்மாள் கேட்டே விட்டாள்: “இன்னாடி, ஊடு பெருக்கறதுக்குக் கூட மல்லிப்பூவா?”

“அடுத்தது வாங்கம்மா.”

செங்கம்மாள் மேசைக்கு வந்தாள். ஒருவர் அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். கணவர் பெயரையும் சேர்த்துப் படித்தார். ஏஜண்டுகள் தலையாட்டினார்கள். இடது கை ஆட்காட்டி விரலில் மை வைத்தார்கள். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமெண்டுக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகளைக் கொடுத்து, இரண்டிலும் தனித்தனியாகக் குத்த வேண்டும் என்று சொன்னார்கள்.

அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு கீதே சார். ஒண்ணு நான் போடறேன். ஒண்ணு அவருக்குக் குடுங்க.”

அதிகாரி நிமிர்ந்தார்.

“அப்படித் தர முடியாதும்மா.”

“எனுக்கு ஒண்ணு போதும் சார். நானா தான குடுக்கறேன். அவரு தூரத்துலேர்ந்து வந்துக்கீறாரு.”

பின்னால் அங்காளம்மாளின் குரல் வந்தது. “அய்யே, பாட்டு முறையாடி இது, மாத்தி உடறதுக்கு?”

இந்த முறை பலர் சிரித்தார்கள். ஆண்கள் வரிசையிலும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்து அவள் கையில் திரும்ப வைத்தார். “ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் போடக் கூடாதும்மா. புருஷன் ஆனாலும் கூடாது. போங்க, அட்டைக்குப் பின்னால போய்க் குத்துங்க.”

செங்கம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். படியில் யாரும் இல்லை.

அவள் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். ஒரு சீட்டில் குத்தினாள். மற்றதில் குத்தவில்லை. அப்படியே மடித்தாள். இரண்டையும் அதனதன் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அங்காளம்மாள் பாட்டு முறை என்று சொன்னது அவளுக்குள் போய் எங்கேயோ இடித்தது. மணலில் நடக்க நடக்க இடித்துக்கொண்டே வந்தது. ஏரி எல்லோருக்கும் பொது என்றாலும், அதில் வலை கட்டுகிற இடம் பொது இல்லை. அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். ஊரில் இல்லாதவனுடைய முறை போய்விடாது. ஆனால் அவனுடைய பெண்டாட்டி கூட்டத்தில் எழுந்து நின்று, அவர் இல்லை, இன்ன இடத்தில் இருக்கிறார், வருவார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் இருக்கும். அண்ணன் தம்பி யாராவது அவன் முறையில் வலை கட்டிப் பங்கு கொடுப்பார்கள். சொல்லாமல் மறைத்து, இருக்கிறான் என்று பொய் சொன்னது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். மெட்ராஸுக்கு ஓடிப்போன புருஷனை வீட்டில் படுத்திருக்கிறான் என்று சொன்ன ஒருத்தியின் வீட்டுக்கு ஆறு வருஷமாகப் பாடு கிடையாது. செங்கம்மாள் வருஷம் தவறாமல் எழுந்து நின்றிருக்கிறாள். பதினேழு தடவை. துலுக்காணத்தின் பெயர் குப்பத்தில் இன்றைக்கும் இருக்கிறது. தேசப்பன்தான் வலை கட்டுகிறான்.

இரண்டு மழைக்கு முன்னால் தேவராஜன் வாத்தியார் வந்தார். திருவள்ளூர்க்காரர், பழவேற்காட்டுப் பள்ளியில் வேலை. குடையும் நீளமான நோட்டுமாக வாசலில் நின்று, ஓட்டு லிஸ்ட் சரிபார்க்கிறோம் என்றார்.

“இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கு. உங்க வீட்டுக்காரர் இங்கதானே இருக்கார்?”

“இல்ல சார். சிங்கப்பூர்ல கீறாரு. பதினஞ்சு வருசமா. நாலு வருசத்துக்கு ஒரு தபா வருவாரு.”

வாத்தியார் பேனாவை எடுத்தவர், எழுதாமல் நிறுத்தினார். தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இங்க குடியிருக்கார்னு நீங்க சொன்னாலும் நான் அப்படியே விட்டுடுவேம்மா. நான் உள்ள வந்து பார்க்கப் போறதில்ல.”

மனுஷன் ஆழம் பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். கூட்டத்திலும் பெரியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்: உள்ளதான கீறான், சும்மா சொல்லேன்.

“பொய் சொல்லக் கூடாது சார். அவரு இல்ல. இல்லன்னே எய்திக்கோங்க.”

வாத்தியார் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். நீல மையில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். கட்டைவிரல் வைத்தாள். போகும்போது அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். புருஷன் பெயரைக் காப்பாற்றி வைத்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்றைக்கு வலை பின்ன உட்கார்ந்தாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு அவள் வீடு சேர்ந்தபோது துலுக்காணம் அங்கே இல்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. சாயங்காலம் ஏரிக்கரையில், கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்திருந்தான். எதிரில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். அவள் போகும்போதே அண்ணனின் குரல் உயர்ந்திருந்தது.

“எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? என் முறைய துன்னுக்கினு கீறவன் நீ. நான் வந்துட்டா உனுக்குப் போவுது. அதான் பேர எடுக்கச் சொன்ன.”

“அண்ணே, பாடு வேற, ஓட்டு வேற. கவர்மெண்டு லிஸ்ட்டுல நான் இன்னா பண்ண முடியும்?”

“வாத்தியாருகூட பீடி குடிக்கறவன் தான நீ.”

“பீடி குடிச்சா பேர எடுப்பாங்களா? அண்ணி, நீயாவது சொல்லு. இன்னா பேஜாரா கீது.”

தேசப்பன் அவளைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இது அண்ணன் தம்பி சண்டையாகப் போய்விடும். இன்னும் எட்டு நாளில் கிளம்புகிறவன் கிளம்பிப் போவான். பழி தேசப்பனோடு நின்றுவிடும்.

“தம்பி சொல்லல” என்றாள். “நான் தான் சொன்னேன்.”

இருவரும் திரும்பினார்கள்.

“வாத்தியாரு ஊட்டாண்ட வந்து கேட்டாரு. நீ சிங்கப்பூர்ல கீறன்னு சொன்னேன். கைநாட்டு வெச்சேன்.”

 தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாகவே நடந்து போய்விட்டான்.

துலுக்காணம் படகின் பலகையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவள் மணலில் உட்கார்ந்தாள்.

“ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா மே?”

“பொய் சொன்னா பேர அடிச்சிடுவாங்கன்னு தான்யா சொல்லல. இங்க அப்படி தான.”

“எனுக்கு எத்தினி பொய் எய்தின நீ. ஊடு ஒழுவலன்ன. காய்ச்சல்ல கெடந்துகினே நல்லா கீறேன்ன. சின்னது பூட்டத அஞ்சு மாசம் கயிச்சி எய்தின. அதுவரைக்கும் அது தவழுது, பல்லு மொளைக்குதுன்னு எய்தின. நான் யேசுதாஸாண்ட படிச்சிக் காட்டினேன். அவ்ளோ பொய் எய்தத் தெரிஞ்சவளுக்கு இந்த ஒண்ணு வரல.”

அவளுக்கு அழுகை வரவில்லை. 

“அது உனுக்கு எய்தினது. இது கவர்மெண்டு.”

அவன் சிரித்தான் என்று நினைத்தாள். பார்த்தபோது சிரிக்கவில்லை.

“ஆவணில வந்துடு” என்றாள். “வந்து குந்திக்கினா மறுபடி எய்திக்குவாங்களாம். அந்த ஆபீசர் சொன்னாரு.” அதிகாரி அப்படிச் சொல்லவில்லை.

“பாஸ்போர்ட்டு கீதே, அது நான் வெளிய கீறேன்னு சொல்ற காகிதம். நான் உள்ள கீறேன்னு சொல்ல ஒரு காகிதம் வேணும்மே. அது ஒண்ணுதான் இருந்துது. அத்த நெனச்சிக்கினே பதினேழு வருசம் கப்பல் அடியில படுத்துக்கெடந்தேன். அங்க கீறவன் எல்லாம் கேப்பான், உன்ன யாருடா உங்க ஊர்ல தேடறான்னு. லிஸ்ட்டுல தேடறான்னு சொல்வேன்.” பலகையைத் தட்டுவதை நிறுத்தினான். “தேடி அடிச்சிட்டான்.”

“குப்பத்துல பேரு கீதுயா. நான் எயுந்து நின்னு சொல்லிக்கினு தான் கீறேன்.”

“அது உன்னால கீது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. 

இருட்டுவதற்கு முன் இருவரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அவன் முன்னால் போனான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் துலுக்காணமும் தேசப்பனும் பொன்னேரி தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே பெயர் சேர்க்கும் பாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த விலாசத்தில் எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்ற இடத்தில் துலுக்காணம் ஒன்பது நாள் என்று எழுதினான். தேசப்பன் ஒன்பது வருஷம் என்று எழுதச் சொல்லியிருக்கிறான், அவன் கேட்கவில்லை. குமாஸ்தா பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிலையாக வந்து குடியிருக்கும்போது வாருங்கள் என்றார். இதையெல்லாம் தேசப்பன்தான் செங்கம்மாளிடம் சொன்னான். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். துலுக்காணம் இறால் குழம்பு ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு யேசுதாஸுக்கு ஒரு ஏர்மெயில் கடிதம் எழுதினான். குடியுரிமைப் பாரம் வாங்கி வைக்கும்படியும், தான் வந்ததும் கையெழுத்துப் போடுவதாகவும் எழுதியிருப்பதாக அவளிடம் சொன்னான். அவனுக்குக் கால் வீங்கியிருந்ததால் கடிதத்தை அவள் எடுத்துக்கொண்டு போனாள். தபால் ஆபீசில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து போஸ்ட் மாஸ்டர் வந்ததும் கொடுத்தாள். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டாள். எட்டு அல்லது பத்து நாள் ஆகும் என்றார். கடையில் உப்பும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.